அம்மாசி ஓட்டிய டிராக்டர்

அம்சவள்ளி வீட்டுக் களத்தில் நான்கு வருஷமாக ஒரு டிராக்டரை மஞ்சள் கயிற்றால் கட்டிப் போட்டிருந்தார்கள். மாட்டைக் கட்டுவார்கள், நாயைக் கட்டுவார்கள், டிராக்டரை எதற்குக் கட்டுவது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். உள்ளூர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள். கட்டியதே அவர்கள்தான்.

ஸ்டீயரிங்கிலிருந்து களத்தோரத்து வேப்பமரம் வரைக்கும் மூன்று சுற்று, நடுவில் ஒரு எலுமிச்சம்பழம். பழம் காய்ந்து கறுத்து ஜாதிக்காய் மாதிரி ஆகிவிட்டது. உசுரு குடித்த வண்டி அது. ஒன்று குடித்த வாய் இன்னொன்றும் கேட்கும் என்பது ஊர்க் கணக்கு. பழைய இரும்புக்காரன்கூட ஒருமுறை வந்தான். கயிற்றைப் பார்த்ததும், போட்டு வைத்த டீயைக் குடிக்காமலே போய்விட்டான்.

குடித்தது அம்சவள்ளியின் புருஷன் நாராயணசாமியின் உசுரை. மார்கழி மாதம், காலை ஏழு மணி, பனி இருந்தாலும் ஆள் தெரிகிற வெளிச்சம். மனுஷர் வண்டிக்கு முன்னால் குந்திக்கொண்டு முன்சக்கரத்து அச்சுக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார். வண்டி மேல் ஆள் இல்லை. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கியது. வண்டி தானாகக் கிளம்பி, அவர் மேல் ஏறி, எதிரே இருந்த மாட்டுக் கொட்டகைச் சுவரில் முட்டி நின்றது. தோசைமாவு அப்பிய கையோடு வாசலுக்கு ஓடி வந்த அம்சவள்ளி, முதல் காரியமாகத் திரும்பி ஆணியைப் பார்த்தாள். ஏன் பார்த்தாள் என்று அவளுக்கு இன்று வரை தெரியாது. சாவி ஆணியில்தான் இருந்தது.

வண்டி எப்படிக் கிளம்பியது என்பதை ஊர் பேயிடம் விட்டுவிட்டது. ஆனால் ஓடி வந்தவர்கள் எல்லாரும் ஒன்றைப் பார்த்திருந்தார்கள். கியர் ஒன்றாம் நம்பரில் கிடந்தது. நியூட்டரில் இருந்தால் பேயே ஏறி உட்கார்ந்தாலும் வண்டி அசையாது. முந்தின நாள் சாயங்காலம் வண்டியை நிறுத்தியவர் அம்மாசி, காலனிக்காரர், பதினாலு வருஷமாக அந்த வண்டிக்கு டிரைவர். “நியூட்டர்லதாங்க வுட்டேன், ரெண்டு வாட்டி ஆட்டிப் பாத்துட்டுதாங்க எறங்கனேன்” என்று அவர் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

எழவு அன்று அம்மாசி வந்து தெருமுனையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அம்சவள்ளி தலைவிரி கோலமாக எழுந்து போனாள். மூன்று தடவை மண்ணை வாரி அவர் முகத்தில் தூற்றினாள். “உன் கை வெளங்காம போவ! எந்தக் கையால கியரைப் போட்டியோ அந்தக் கை வெளங்காம போவ!” என்றாள். பேயின் மேல் மண்ணைத் தூற்ற முடியாது. மனுஷன் மேல் தூற்றலாம்.

அப்புறம் அம்மாசிக்கு ஸ்டீயரிங்கைக் கொடுக்க அந்தச் சுற்று வட்டாரத்தில் ஆள் இல்லை. கல்வராயன் மலையேறிப் போய், வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளிக் காட்டில் காவலுக்கு இருக்கிறார் என்றார்கள். பெண்டாட்டி பெரியம்மாள் காலனியிலேயே இருந்து களையெடுத்துப் பிழைத்தாள்.

அம்சவள்ளி எலவனாசூர்கோட்டையில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் தியாகதுருகத்துக்குப் பக்கத்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். ஒரே மகள் இலக்கியா, கல்யாணமாகி சென்னையில் இருக்கிறாள். அம்சவள்ளியைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்ல முடியாது. கொட்டகையில் நல்ல பாம்பு படுத்திருந்தபோது, அதை விளக்குமாற்றால் ஒதுக்கி அனுப்பிவிட்டு மிச்ச சாணியை வாரினவள். ஆனால் கண்ணு, காத்து, கருப்பு என்றால் மட்டும் ஈரக்குலை நடுங்கும். புருஷன் இதற்கெல்லாம் சிரிப்பார். அதனால் அவருக்குத் தெரியாமல் செய்வாள். அவர் செத்த வருஷம் ஆயுத பூஜை சமயத்தில், மலையடிவாரத்துக் குறிகாரர் ஒருவரிடம் மந்திரித்த செம்புத் தகடு வாங்கி வந்தாள். புருஷன் குளிக்கப் போன நேரம் பார்த்து அதை வண்டியில் கட்டினாள். யார் கண்ணிலும் படாத இடமாகக் கட்டு என்று குறிகாரர் சொல்லியிருந்தார். மூன்றாம் மாதம் புருஷன் போய்விட்டார். தகடு உழவில் எங்கோ அறுந்து விழுந்திருக்கும், அதனால்தான் காவல் போய்விட்டது என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள். அவ்வளவு நம்பிக்கை.

நான்கு வருஷம் வண்டியைச் சுற்றிச் சுற்றியே நடந்தாள். களத்தில் அதற்கென்று ஒரு ஒற்றையடித் தடமே விழுந்துவிட்டது. கோழிகள்கூட அதன் அடியில் போகாது, வெயில் கொளுத்தினாலும் வேலியோரமாகவே நிற்கும்.

கடைசியில் கயிற்றை அறுக்க வைத்தது மழைதான். ஐந்து ஏக்கரும் மானாவாரி. மழை பெய்தால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள் ஈரம் நிற்கும். அதற்குள் உழ வேண்டும். அந்த இரண்டு நாளில்தான் ஊரில் இருக்கிற எல்லாருக்கும் வாடகை டிராக்டர் வேண்டும். ஒண்டிப் பொம்பளையின் முறை வரும்போது நிலம் ஓடாகக் காய்ந்திருக்கும். தொடர்ந்து இரண்டு வருஷம் மக்காச்சோளம் முளைக்காமல் போனது. மார்கழி உளுந்தாவது நம்ம ஈரத்தில் விழட்டும் என்று, ஐப்பசிக் கடைசியில் நைனார்பாளையத்திலிருந்து வெங்கடேசனைக் கூட்டி வந்தாள்.

வெங்கடேசன் பழைய டிராக்டர்களுக்கு மெக்கானிக். வேலையில் சூரன், வாய் மட்டும் ஓயாது. கயிற்றைப் பார்த்துச் சிரித்தான்.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. இத அறுத்துப் போடுங்கக்கா.”

“நீ அறு.”

“நானா? வண்டி உங்குளுது, நீங்கதான அறுக்கணும்” என்றான் அந்தச் சூரன், இரண்டடி பின்னால் போய்.

அவளே அறுத்தாள். அறுத்த கயிற்றோடு நிமிர்ந்தபோது வேலிக்கு வெளியே பெரியம்மாள் நின்றிருந்தாள். நான்கு வருஷத்தில் அவள் அந்தத் தெருவுக்குள் வந்ததில்லை.

“அம்மா, வண்டியப் பிரிச்சிப் பாக்கறீங்கன்னு சொன்னாங்க. அப்புடியே அதையும் பாக்கச் சொல்லுங்கம்மா.”

“எத?”

“எங்க வூட்டுக்காரரு கியர்ல வுட்டாரா, இல்லியான்னு. மனுசங்க இன்னா வேணா சொல்லுவாங்க, இரும்பு பொய் சொல்லாது இல்லீங்களா?” பெரியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். “அவரு கை வரவர வெளங்காம போய்க்கினு இருக்குதும்மா. சோத்தக்கூட இடது கையாலதான் துன்றாரு.”

அம்சவள்ளி அறுத்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். தான் விட்ட சாபம் பலித்திருக்கிறது என்று கேட்டால் மனசு குளிரும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். குளிரவில்லை.

வேலை ஆரம்பமானது. நான்கு வருஷம் ஓடாத இஞ்சின் உள்ளே இறுகிப்போயிருந்தது. அவசரப்பட்டுச் சுற்றினால் உடைந்துவிடும் என்று, வெங்கடேசன் மேலே இருந்த டீசல் குழாய்களைக் கழற்றினான். ஓட்டை வழியாக டீசலையும் ஆயிலையும் கலந்து ஊற்றி, துணி வைத்து மூடிவிட்டு, மூன்று நாள் ஊற வைத்தான். நான்காம் நாள் முன்பக்கத்துப் பெரிய நட்டில் நீளமான குழாயை மாட்டி இரண்டு கையாலும் அழுத்தினான். நூலளவு அசைந்தது. இன்னும் அழுத்தினான். துணிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளிருந்து “ஹ்ஹாஆ” என்று நீளமாக ஒரு காற்று வந்தது.

“மூச்சு வுடுதுக்கா!” என்று வெங்கடேசன் குதித்தான். அவன் இஞ்சினைச் சொன்னான். அம்சவள்ளிக்குக் கேட்டது, வேலை முடித்து வந்து கட்டிலில் சாயும்போது நாராயணசாமி விடுகிற பெருமூச்சு.

அப்புறம் அவளும் கூட இறங்கி வேலை செய்தாள். டேங்கைக் கழுவினால் துரு செம்மண் மாதிரி கொட்டியது. ரேடியேட்டருக்குள் எலி குட்டி போட்டு வளர்த்துவிட்டுப் போயிருந்தது. ரப்பர் குழாய், பெல்ட், ஃபில்டர் எல்லாம் புதிதாக மாட்டினார்கள். சீட்டைத் துடைக்க மேலே ஏறி உட்கார்ந்த அம்சவள்ளி, தான் வலது பக்கமாகச் சாய்ந்து, தோளுக்கு மேலே பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள். உடம்பு மறுபடி வலது பக்கமே சரிந்தது. கலப்பையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவன் உட்காருகிற மாதிரி. பதினாலு வருஷமாக அம்மாசி உட்கார்ந்து உட்கார்ந்து சீட்டு அப்படியே அமுங்கியிருந்தது. ஊரை விட்டு ஓட்டிவிட்ட மனுஷனின் மடியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு. சட்டென்று இறங்கிவிட்டாள்.

கார்த்திகை கடைசியில் புது பேட்டரி வைத்தார்கள். வெங்கடேசன் சாவியைத் திருப்பினான். மூன்றாவது தடவை வெள்ளைப் புகையாகக் கக்கிக்கொண்டு இஞ்சின் பிடித்தது. தெருவில் இரண்டு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. புகையில் டீசலும் வியர்வையும் கலந்து நாராயணசாமியின் சட்டை வாசம் அடித்தது. அம்சவள்ளி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

“ஸ்டார்ட்டரு சூப்பரா சுத்துதுக்கா, அதுல கை வைக்க வேணாம். அதும்மேல ஒரு இன்ச்சு மண்ணு கீது, வேலை முடிஞ்சதும் கழுவிக்கலாம். ஹேண்ட் பிரேக்குதான் சுத்தமா இல்ல. கள்ளக்குறிச்சில சாமான் சொல்லியிருக்கேன், நாலு நாளாவும்.” போகும்போது கியரை ஒன்றாம் நம்பரில் போட்டான். முன்சக்கரத்துக்குக் கல் வைத்தான். டீசலை நிறுத்துகிற ஸ்டாப்பரை வெளியே இழுத்து, கம்பியால் இறுக்கிக் கட்டினான். “இனிமே எமனே வந்தாலும் கெளம்பாது.”

மறுநாள் பனி. மலைப்பக்கத்திலிருந்து இறங்கி, களத்தோரத்து வேப்பமரமே தெரியாத அளவுக்கு மூடியிருந்தது. அம்சவள்ளி பால் கறந்துகொண்டிருந்தாள். களத்திலிருந்து “டக்” என்றது.

இரும்பை இரும்பு தட்டுகிற சத்தம். பசு காதைத் திருப்பியது. அம்சவள்ளி எழுந்து போய்ப் பார்த்தாள். வண்டி இருந்தது, பனி சொட்டிக்கொண்டிருந்தது, வேறு ஒன்றும் இல்லை. வெயில் ஏறின பிறகு நாள் பூராவும் சத்தம் இல்லை.

இரண்டாம் நாள் அதே நேரம். டக். கொஞ்சம் விட்டு, டக். இந்தத் தடவை அவள் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். கட்டின நாளிலிருந்து புருஷனை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருபத்தைந்து வருஷம் எப்படிக் கூப்பிட்டாளோ அப்படியே மெதுவாகக் கூப்பிட்டாள்.

“ஏங்க… நீங்களா?”

டக்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வெங்கடேசனிடம் சொல்லவில்லை, போனில் பேசின மகளிடமும் சொல்லவில்லை. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்தை விட சந்தோஷம் ஜாஸ்தியாக இருந்தது, அதை மறைத்து என்ன? அன்றைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். பெட்டியிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டினாள். ஒரு டம்ளர் காப்பி போட்டு, சக்கரத்து மட்கார்டு மேல் வைத்துவிட்டு, ஆறிப்போகும் வரைக்கும் எதிரே உட்கார்ந்திருந்தாள். மழை இல்லாமல் போனதை, இலக்கியாவுக்கு நாள் தள்ளியிருப்பதை, கன்று செத்ததை எல்லாம் சொன்னாள். நான்கு வருஷத்துப் பேச்சு.

மூன்றாம் நாள் விடிந்தும் விடியாமல் வந்துவிட்டாள். பனி முந்தின நாளை விட அதிகம். வண்டியின் முன்விளக்கு இரண்டும் பனிப்புகைக்குள் கண் மாதிரி தெரிந்தன. களத்தில் சாணி தெளித்துவிட்டு, வண்டிக்கு நேர் எதிரே குந்திக் கோலம் போட ஆரம்பித்தாள். நாலு புள்ளி வைத்திருப்பாள்.

“க்ர்ர்ர்” என்று உறுமிக்கொண்டு வண்டி முன்னால் வந்தது.

ஒரே ஒரு சாண். வந்து, குலுங்கி, நின்றது. முட்டுக் கொடுத்த கல் மண்ணை உழுதுகொண்டு நகர்ந்து அவள் போட்ட புள்ளியின் மேல் ஏறியிருந்தது. டயருக்கும் அவள் முழங்காலுக்கும் நடுவில் ஒரு கை வைக்கிற இடம்தான் இருந்தது. மேலே சீட்டில் யாரும் இல்லை. அவர் குந்தியிருந்த அதே இடம், அதே மாதம், அதே பனி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காப்பி வைத்தாளே, நல்ல புடவை கட்டினாளே, அது அவர் இல்லை. அவர் தன் மேல் ஏற்ற வரமாட்டார். ஒன்று குடித்த வாய் இது. உட்கார்ந்தபடியே கையை ஊன்றிப் பின்னால் பின்னால் நகர்ந்து போய், கொட்டகைச் சுவரில் முதுகு முட்டியதும்தான் கத்தினாள்.

வெங்கடேசன் வந்தபோது வெயில் வந்திருந்தது. அவள் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கப் போனவன், மண்ணில் கல் உழுதிருந்த தடத்தைப் பார்த்ததும் அங்கேயே குந்தி அதைச் சாணால் அளந்தான். சாவி ஆணியில் இருந்தது. ஸ்டாப்பரில் அவன் கட்டின கம்பி அப்படியே இருந்தது. வெகுநேரம் வண்டியைச் சுற்றி வந்தான். பேட்டரி வயரைப் பிடித்துக்கொண்டே போய், கடைசியில் மண்ணில் படுத்து, ஸ்டார்ட்டர் மோட்டார் மேல் ஏறியிருந்த மண்ணை ஸ்குரூ டிரைவரால் கிளறினான்.

“அக்கா, இன்னாக்கா இது?”

மண்ணுக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் கயிறு. கயிற்றின் முனையில் ஒரு செம்புத் தகடு. கட்டம் போட்டு எழுத்து பொறித்திருந்தது. ஓரம் இரண்டும் தீய்ந்து கறுத்திருந்தன.

“ஸ்டார்ட்டர்ல இந்த ரெண்டு போல்ட்டு கீது பாருங்க, இத ரெண்டையும் சேத்தா சாவியே வேணாம், வண்டி கெளம்பிடும். சாவி தொலைச்சவன்லாம் ஸ்குரூ டிரைவர வச்சி அப்புடித்தான் எடுப்பான். இந்தத் தகடு நேரா அதுக்கு அடியில தொங்குது. லேசா பட்டா டக்குங்கும், நல்லா ஒட்டுனா வண்டி நவுரும், ஸ்டாப்பரு கட்டியிருந்ததாலதான் இஞ்சின் புடிக்காம ஒரு சாண்ல நின்னுச்சு.” கயிற்றைத் தொட்டுப் பார்த்தான். “இப்ப தொளதொளன்னு கீது. பனி பெஞ்சா?” கேட்டுவிட்டு அவனே ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கயிற்றை நனைத்தான். “அக்கா, நீங்க முன்னாலருந்து தள்ளி வந்துருங்க.”

இருவரும் ஓரமாக நின்றார்கள். பட்டப்பகல், பக்கத்து வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நனைந்த பருத்திக் கயிறு கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, ஒரு விரல்கடை உயர்ந்தது. தகடு மெல்லத் தலையைத் தூக்கியது. பீடி பிடித்து முடிக்கிற நேரம்.

டக்.

“தூ! இத கட்டுனவன் கைய வெட்டணும்” என்றான் வெங்கடேசன்.

“கட்டுனது நான்தான்” என்றாள் அம்சவள்ளி.

வெங்கடேசன் போய் பேட்டரி வயரைக் கழற்றினான். தகட்டை அறுத்து, அவளிடம் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

“வெங்கடேசா, அன்னிக்கு வண்டி ஒண்ணாம் நம்பர்ல கெடந்துதே? அம்மாசி நியூட்டர்ல வுட்டேன்னுதான சொன்னாரு?”

“மாமா கிரீஸ் அடிச்சிக்கினு இருந்தாருன்னு சொன்னீங்களேக்கா.” அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். “ஹேண்ட் பிரேக் இல்லாத வண்டிக்கி முன்னால உக்காரணும்னா எவனும் கியர்ல போட்டுட்டுத்தான் உக்காருவான். நானே தெனம் அப்புடித்தான் போட்டுட்டுப் போறேன். உருளாம இருக்கட்டும்னு அவருதான் போட்டிருப்பாரு.”

வண்டி உருளக்கூடாது என்று அவர் கியரைப் போட்டார். இவள் காவலுக்குத் தகட்டைக் கட்டினாள். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பாதுகாப்பு செய்ய, இரண்டும் சேர்ந்து அவரைக் கொன்றது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். பழியைச் சுமந்துகொண்டு அம்மாசி மலையில் இருக்கிறார்.

அம்சவள்ளி அன்றைக்கு இரண்டு சாவுக்கு அழுதாள். நான்கு வருஷத்துக்கு முன்னால் போனவருக்கு ஒன்று. இரண்டு நாளாக “டக்” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு ஒன்று.

மறுநாள் காலனிக்கு நடந்து போய், பெரியம்மாள் வாசலில் நின்று, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். மண்ணை வாரித் தூற்றுவாள், செருப்பால் அடிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் போனாள். பெரியம்மாள் அழவில்லை, ஏசவில்லை. “இத அவருகிட்ட நீங்களே வந்து சொல்லுவீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறினார்கள். இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வண்டி வளைந்து வளைந்து மேலே ஏற ஏறக் குளிர் ஏறியது. பகல் பதினோரு மணிக்கும் மலையில் மூட்டம் கலையவில்லை. வெள்ளிமலையில் இறங்கி ஒரு மைல் நடந்தார்கள். இருபுறமும் ஆள் உயரத்துக்கு மரவள்ளி, இலைகள் அசையாமல் நின்றன.

அம்மாசி காட்டுக் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதுக்காரர் எழுபது மாதிரி இருந்தார். அம்சவள்ளியைப் பார்த்ததும் தோளில் இருந்த துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். எடுத்தது இடது கையால். வலது கை மார்போடு ஒட்டி, விரல்கள் எதையோ பிடித்த மாதிரி மடங்கிக் கிடந்தது.

அம்சவள்ளி நின்றபடியே சொன்னாள். தகட்டைச் சொன்னாள், கயிற்றைச் சொன்னாள், கியரைப் போட்டது தன் புருஷனேதான் என்பதையும் சொன்னாள். “நீ நியூட்டர்லதான் வுட்ட அம்மாசி. தெனம் ரெண்டு வாட்டி ஆட்டிப் பாத்துட்டு எறங்குவ. பதினாலு வருசம் அடுப்படி ஜன்னல்லருந்து பாத்தவ நான். தெரிஞ்சே உன்மேல மண்ணை வாரித் தூத்திட்டேன். என்ன மன்னிச்சிரு.”

அம்மாசி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் லேசாகச் சிரித்தார். குழந்தை பொய் சொன்னால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

“இல்லீங்கம்மா. நான்தான் கியர்ல வுட்டேன்.”

“இன்னா சொல்ற நீ?”

“மொதல்ல எனக்கும் ஞாபகம் வல்லீங்க. அதான் அப்ப நியூட்டர்னு சொல்லிக்கினு இருந்தேன். இங்க வந்து ஒண்டியா உக்காந்து ரோசன பண்ணப் பண்ணத்தான் ஒவ்வொண்ணா வந்துது. அன்னிக்கு சாயந்தரம் தூறல் போட்டுது. தலைல துண்டப் போட்டுக்கினு அவசரமா குதிச்சேன். ஆட்டிப் பாக்கல. இந்தக் கை ஒண்ணாம் நம்பர்ல வுட்டுட்டு வந்துது, எனக்கு அப்புடியே தெரியுது.”

“அம்மாசி, அன்னிக்குத் தூறலே இல்ல. களத்துல மொளகா காயப் போட்டிருந்தேன். காஞ்சி கெடந்துது.”

“தூறுச்சுங்கம்மா. துண்டு நனைஞ்சி போச்சு. மண்ணு வாசம்கூட எனக்கு ஞாபகம் கீது.”

பெரியம்மாள் அம்சவள்ளியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். “போன தபா நான் வந்தப்பகூட இப்புடிச் சொல்லலம்மா” என்றாள் மெதுவாக.

அம்சவள்ளிக்கு வெறி வந்த மாதிரி ஆகிவிட்டது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த தகட்டை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினாள். தீய்ந்த ஓரத்தைக் காட்டினாள். அவர் மரியாதைக்கு ஒருமுறை பார்த்தார்.

“எனக்காவ சொல்றீங்க, அதுக்குப் புண்ணியமா போவும். ஆனா நீங்களே நெனச்சிப் பாருங்கம்மா. செய்யாதவன் மேல வுட்ட சாபம் அவன ஒட்டுமா? ஒட்டாது. வுட்டவங்க மேலயே திரும்பிரும், நம்ம பக்கத்துல தெரிஞ்சதுதான? எனக்குப் பாருங்க, நீங்க சொன்ன அதே கைதான் போச்சு. அப்ப செஞ்சது யாரு?” அவர் மூட்டத்துக்குள் அவளை மேலும் கீழும் பார்த்தார். உண்மையான அக்கறையோடு கேட்டார். “நீங்க நல்லாத்தானம்மா கீறீங்க?”

தான் நன்றாக இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவர் அவள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் வண்டியில் வேலை செய்த கைகள், நகக்கண்ணெல்லாம் கிரீஸ் ஏறியிருந்தது. பத்து விரலும் திடமாக இருந்தன.